பாசிட்டிவ் என்றால் பூச்சி இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ஒட்டுண்ணித் தொற்றுக்காகக் குழந்தைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் பெற்றோர் பதறிப்போகிறார்கள். சீட்டைப் படிக்கும் முன் குழந்தையின் வயதைக் கேட்பது என் வழக்கம்.

ஆன்டிபாடி பரிசோதனை ஒட்டுண்ணியைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடம்பு தயாரித்த புரதத்தைத் தேடுகிறது. கைக்குழந்தையிடம் அந்தப் புரதம் தாயுடையதாகவும் இருக்கலாம். ஐஜிஜி வகை ஆன்டிபாடி நச்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போய்விடும். தாய்க்கு என்றோ டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் தொற்று வந்திருந்தால், பிறந்த குழந்தைக்கும் பாசிட்டிவ் காட்டும். தொற்றாத குழந்தையிடம் அது மெல்ல மெல்லக் குறைந்து ஒரு வயதுக்குள் மறைந்துவிடும். 12 மாதம் தாண்டியும் நிலைத்திருந்தால், அது குழந்தையே தயாரித்தது. பிறவித் தொற்று என்று கொள்ளலாம். ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி நச்சுக்கொடியைத் தாண்டாது. ஆகவே பச்சிளங்குழந்தையிடம் அது தென்பட்டால் சந்தேகம் வலுக்கும். தென்படாவிட்டால் நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது, அதுதான் சங்கடம்.

தவழ்ந்து மண்ணை வாயில் போடும் வயதில் வருவது டாக்சோகாரா. நாய், பூனைக் குடலில் வாழும் உருண்டைப்புழு இது. முட்டை குழந்தையின் வயிற்றுக்குள் போனால் பொரியும் இளம்புழு, ஈரல், நுரையீரல், கண் என்று அலையுமே தவிர, முழுப்புழுவாகி முட்டையிடாது. மலத்தை எத்தனை தடவை நுண்ணோக்கியில் பார்த்தாலும் கிடைக்காது. இங்கே ரத்தப் பரிசோதனைதான் கைகொடுக்கிறது. ஆனால் வேறு குடற்புழு இருந்தாலும் எலைசா என்ற முதல்கட்ட ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் ஆகலாம். அதனால் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னும் துல்லியமான ஆன்டிபாடி பரிசோதனையில் உறுதி செய்வார்கள். புழு கண்ணில் மட்டும் இருந்தால் ரத்தம் நெகட்டிவாகக்கூட வரும். அப்போது கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரவில் ஆசனவாயில் அரிக்கும் கீரிப்பூச்சியைக் கண்டுபிடிக்க ரத்தமெடுக்கும் ஊசியே வேண்டாம். காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், அந்த இடத்தில் செலோடேப்பை ஒற்றியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுங்கள், முட்டை தெரியும். இதற்குப் போய் ஆன்டிபாடி பார்க்கச் சொன்னால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கிறார்களே என்றால், அங்கே தேடுவது கிருமியையோ அதன் ஆன்டிஜெனையோ, அதாவது கிருமியின் சொந்தப் புரதத்தையோதான்.

சிகிச்சை முடிந்து, “டாக்டர், இன்னும் பாசிட்டிவ்” என்று கலங்கி வருபவர்களும் உண்டு. டாக்சோகாரா ஆன்டிபாடி வருஷக்கணக்கில் நிற்கும். மருந்து பலித்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் விட்டதா, மூச்சிளைப்பு குறைந்ததா, ஈசினோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை இறங்கியதா என்றுதான் பார்ப்போம்.