காத்தது வாக்குச்சீட்டே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 2023-ல் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மக்களாட்சியைக் காப்பாற்றியது வாக்குச்சீட்டா, வீதிப் போராட்டமா? டொட்டோனிகப்பானின் 48 கன்டோன்கள் என்ற மாயா ஊர்களின் அமைப்பு சாலைகளை மறித்ததையும், அரசு வழக்கறிஞர் தலைமையகத்தின் வாசலில் மக்கள் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்ததையும் எதிரணித் தோழர் உருக்கமாகச் சொன்னார். நானும் கைதட்டினேன். ஆனால் எதைக் காக்க உட்கார்ந்தார்கள் என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டாரே!

அதை நான் சொல்கிறேன். ஜூன் 25, அதிபர் தேர்தலின் முதல் சுற்று; நாடாளுமன்றத் தேர்தலும் அன்றே. ஜெயித்துவிடுவாரோ என்று அதிகாரத்தில் இருந்தவர்களைப் பயமுறுத்திய கார்லோஸ் பினெடா போன்ற வேட்பாளர்களைத் தேர்தலுக்கு முன்பே போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்னொரு வேட்பாளரான பெர்னார்டோ அரேவாலோவைத் தொடவில்லை. கருத்துக்கணிப்பில் எங்கோ பின்வரிசையில் கிடந்தவரை எதற்கு நீக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். மக்கள் அவருக்குச் சுமார் 12 சதவீதம் கொடுத்து, முதலிடம் பிடித்த சான்ட்ரா டோரஸுக்கு அடுத்த இடத்தில் உட்கார வைத்தார்கள். செல்லாத வாக்குகள் அந்த இருவரும் தனித்தனியே வாங்கியதைவிட அதிகம். அதுவும் வாக்குச்சீட்டில் எழுதிய கோபம்தான் ஐயா!

அங்கே வாக்கை எண்ணுவது அந்தந்தச் சாவடியிலேயே, கையால், அக்கம்பக்கத்துச் சாதாரணக் குடிமக்கள். எண்ணி முடித்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கட்சி ஏஜெண்டுகளுக்கும் நகல் உண்டு. தோற்ற கட்சிகள் நீதிமன்றம் போயின. அரசியல் சாசன நீதிமன்றம் மறுசரிபார்ப்புக்கு உத்தரவிட்டது. சரிபார்த்தார்கள். அப்புறமும் அரேவாலோ இரண்டாம் இடத்தில்தான் இருந்தார். ஜூலை 12-ல் முடிவு உறுதியாக, அதே நாளில் அவருடைய செமில்லா கட்சியை முடக்க ஒரு நீதிபதி உத்தரவிட்டார். ஆகஸ்ட் 20 இரண்டாம் சுற்றில் மக்கள் சுமார் 58 சதவீதத்தால் பதில் சொன்னார்கள்.

அரசு வழக்கறிஞர் தரப்பினர் அடுத்து என்ன செய்தார்கள்? செப்டம்பர் கடைசியில், தேர்தலை நடத்தும் தேர்தல் தீர்ப்பாயத்துக்குள் நுழைந்து, தீர்ப்பாய நீதிபதிகள் தடுக்கத் தடுக்க, படிவப் பெட்டிகளைத் தூக்கிப் போனார்கள். வாக்குச்சீட்டுக்குச் சக்தி இல்லையென்றால், அந்தக் காகிதங்களுக்கு எதற்கு இத்தனை தள்ளுமுள்ளு? தோழர் சொன்ன அந்தச் சாலை மறியல் தொடங்கியதே அதற்கு அப்புறம், அக்டோபர் 2-ல்!

2024 ஜனவரி 14 பதவியேற்பு நாள். பழைய நாடாளுமன்றம் மணிக்கணக்கில் இழுத்தடித்தது. வெளியே கூட்டம் நெருக்கியது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே பதவிப்பிரமாணம் நடக்கப் புதிய அவை அமைய வேண்டும். 160 இடங்களில் செமில்லாவுக்கு 23 தான். மற்ற கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து வாக்களித்து செமில்லாவின் சாமுவேல் பெரெஸைத் தலைவராக்கிய பிறகே, நள்ளிரவு தாண்டி அரேவாலோ பதவியேற்றார். அந்த உறுப்பினர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஜூன் 25 பெட்டியிலிருந்து!

எதிரணிக்கு ஒரே கேள்வி. வீதி கேட்ட முதல் கோரிக்கை, தலைமை அரசு வழக்கறிஞர் கொன்சுவேலோ போராஸ் பதவி விலக வேண்டும் என்பது. அரேவாலோ பதவியேற்ற அன்றும் அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். வாக்குச்சீட்டு கேட்டது நடந்தது, வீதி கேட்டது நடக்கவில்லை. அடுத்து எழுந்து வரும் தோழர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், மற்றதையெல்லாம் நான் விட்டுக்கொடுக்கிறேன்.