ஐபி தெரியும், ஆள் யார்?

வணக்கம் நண்பர்களே. ஃபயர்வால் லாக் முழுவதையும் ஸ்ப்ளங்க், எலாஸ்டிக் போன்ற லாக் சேகரிக்கும் மென்பொருளில் சேர்த்துவிட்டோம், இனி எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இந்த வீடியோ. ஃபயர்வால் லாக்கோடு, நெட்வொர்க்குக்குள் யார் நுழைந்தார்கள் என்ற பதிவையும் ஏன், எப்படி இணைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

திரையில் இந்த வரியைப் பாருங்கள். அதிகாலை 2.15 மணி. 10.20.4.57 என்ற முகவரி, வரிசையாகப் பல சர்வர்களின் 445ஆம் போர்ட்டை, அதாவது விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான வாசலைத் தட்டுகிறது. சரி, அது யாருடைய லேப்டாப்? எந்த மாடியில் இருக்கிறது? ஃபயர்வாலுக்குத் தெரியாது.

தெரிந்தது நேக்குக்கு, அதாவது யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் நெட்வொர்க் ஆக்சஸ் கன்ட்ரோலுக்கு. சிஸ்கோ ஐஸ், அரூபா கிளியர்பாஸ், காசில்லாமல் வேண்டுமென்றால் பேக்கெட்ஃபென்ஸ். எதை எடுத்தாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் ரேடியஸ் என்ற அடையாளச் சோதனை நெறிமுறைதான். கருவி உள்ளே வந்ததும் சுவிட்ச் ஒரு அக்கவுண்டிங் பதிவை அனுப்பும். பயனர் பெயர், மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் கார்டுக்கான அடையாள எண்), எந்த சுவிட்ச், அதில் எந்த போர்ட், எல்லாம் அதில் இருக்கும்.

ஐபி மட்டும் பல நேரம் இருக்காது. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 802.1எக்ஸ் என்ற நுழைவு முறையில் முதலில் அடையாளச் சோதனை. அது முடிந்த பிறகுதான் டிஹெச்சிபி ஐபி கொடுக்கும். அதனால் தொடக்கப் பதிவு போகும்போது கருவிக்கு ஐபியே கிடைத்திருக்காது. அடுத்து வரும் இன்டெரிம் அப்டேட்டில், அதாவது இணைப்பு நீடிக்கும்போது இடையிடையே போகும் பதிவில்தான் அதை எதிர்பார்க்கலாம். ஆகவே இன்டெரிம் அப்டேட்டை ஆன் செய்யுங்கள். ஆனால் இடைவெளியை 600 வினாடிக்குக் கீழே இறக்காதீர்கள், ரேடியஸ் பற்றிய ஆர்எஃப்சி 2869 ஆவணம் சொல்வதும் அதைத்தான். எந்த மேக்குக்கு எந்த ஐபி என்று சொல்லும் டிஹெச்சிபி லாக்கையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ஐபியை மட்டும் வைத்து இரண்டு லாக்குகளை இணைக்கவே கூடாது. நேரத்தையும் சேர்க்க வேண்டும். 2.15க்கு ஒருவரிடம் இருந்த முகவரி, காலை 9 மணிக்கு வேறொருவரிடம் போயிருக்கலாம். ஒரு லாக் உலகப் பொது நேரமான யுடிசியிலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய், சம்பந்தமே இல்லாத ஊழியர் மீது பழி விழும். ஒருவருடைய வேலையே போகக்கூடிய விஷயம் இது. கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியைச் சரிபார்க்காமல் யார் பெயரையும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பயன் பிரின்டர் விஷயத்தில் இருக்கிறது. 802.1எக்ஸ் தெரியாத பழைய பிரின்டரை மேக் முகவரியை மட்டும் பார்த்து உள்ளே விடுகிறோம். அந்த முகவரியை யாரும் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். நேக்குக்கு மேக் சரியாக இருக்கிறது, விட்டுவிடும். ஃபயர்வாலுக்கு அது இன்னொரு ஐபி, அவ்வளவுதான். இரண்டையும் இணைத்த பிறகுதான் ‘பிரின்டர் என்று பதிவான கருவி 3389இல் ரிமோட் டெஸ்க்டாப் திறக்கிறது’ என்ற வரி வரும். எந்தப் பிரின்டருக்கும் அந்த வேலை கிடையாது.

அந்த வரி வந்ததும் சிஓஏ கட்டளை (உள்ளே இருக்கும் கருவியின் அனுமதியை மாற்றச் சொல்வது) அனுப்பி, கருவியைத் தனி விலானுக்கு, அதாவது பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதிக்குத் தள்ளலாம். ஆனால் இதைத் தானாக நடக்கும்படி உடனே வைத்துவிடாதீர்கள். மருத்துவமனை நெட்வொர்க்காக இருந்தால், தவறாக வெட்டப்படுவது ஐசியூ மானிட்டராகவும் இருக்கலாம். முதலில் அலெர்ட் மட்டும் வரட்டும். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். தானாக வெட்டும் வேலையை கெஸ்ட் வைஃபையிலிருந்து தொடங்குங்கள்.