நாலத்தனையாக

அன்பான நேயர்களே, வணக்கம்.

மனந்திரும்புதல் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கண்ணீர்தான். உபவாசக் கூட்டத்தில் முழங்காலில் நின்று விம்மி அழுவது. அந்த அழுகையை நான் லேசாகச் சொல்ல மாட்டேன், இயேசுவின் சீஷரான பேதுருவும் மனங்கசந்து அழுதவர்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் அது 'ஷூப்': திரும்பு, திரும்பி வா. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'மெட்டனோயா': மனம் மாறுவது. நம் தமிழ்ச் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புவதும் இருக்கிறது. திரும்ப வேண்டுமென்றால் எழுந்து நடக்கத்தானே வேண்டும்?

லூக்கா சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு அப்படி நடந்தவன். எரிகோ, யோர்தான் பள்ளத்தாக்கில் இருந்த செழிப்பான ஊர். எருசலேமுக்குப் போகும் சரக்கு அந்த வழியாகவும் போகும், ஆகவே வரி வசூலிக்கும் ஆயக்காரர்களுக்கு நல்ல வசூல். விதித்ததற்கு மேல் வாங்குவது அவர்களிடம் சாதாரணம். சகேயு அவர்களுக்குத் தலைவன். குள்ளனானபடியால், அந்த வழியே வந்த இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். இயேசு அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். முதலில் கணக்கைத் தீர்த்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. விருந்தாளியாக அவரே முதலில் வீட்டுக்கு வந்தார். எனக்கு இந்தச் சம்பவத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

யாரும் கேட்காமலே சகேயு சொல்கிறான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." அதாவது நாலு மடங்காக. ஏன் நாலு? எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி, குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கும் விற்றவனுக்கும்தான், யாத்திராகமம் 22இல், ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு. சகேயு லேசான கணக்கைத் தேடவில்லை. ஆட்டுத் திருடன் நிற்கும் இடத்தில் தானே போய் நின்றான்.

அவன் எந்தத் தெருவில் யார் கதவைத் தட்டினான் என்று வேதம் சொல்லவில்லை. கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இருபது வயதில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி வாரா வாரம் சாமான் வாங்க வருவார். மீதிச் சில்லறையில் பத்து ரூபாயைக் குறைத்துக் கொடுத்து, அதை நான் எடுத்துக்கொள்வேன். ஒரு வருஷம் போல நடந்தது. பல வருஷம் கழித்து, இந்த நாலத்தனை என்னைத் தூங்க விடாமல் செய்தபோது, கணக்குப் போட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். பாட்டி காலமாகியிருந்தார். மகள் வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா ராத்திரி ராத்திரி முந்தானையை அவிழ்த்து எண்ணிப் பார்ப்பாங்க, தம்பி. எனக்குப் புத்தி தடுமாறுதுடின்னு அழுவாங்க. நாங்களும் அப்படித்தான்னு நினைச்சிட்டோம்."

எடுத்தது பத்துப் பத்து ரூபாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தன் புத்தியின்மேல் ஒரு தாய் வைத்திருந்த நம்பிக்கையையும் எடுத்திருக்கிறேன். அதை எந்த நாலத்தனையால் திருப்புவது? ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த வாசலுக்குப் போயிராவிட்டால், எதற்காக மன்னிக்கப்பட்டேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மன்னித்துவிட்டேன் என்று அந்த அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பணத்தை வாங்கி டப்பாவில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று இலையில் நாலு இட்லி வைத்தார். சாப்பிட்டு எழுந்து நூறு ரூபாய் நீட்டினேன். மீதியை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார்.