வார்த்தைகளோடு திரும்புங்கள்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

என் வேதாகமத்தில் ஓசியா 14-ஆம் அதிகாரம் உள்ள பக்கத்தில் ஐந்து ரசீதுகளை மடித்து வைத்திருக்கிறேன். என் மனைவியின் இரண்டு வளையல்களை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்து, வட்டி கட்டிய ரசீதுகள் அவை. கேட்டபோது, "லாக்கரில் இருக்கிறது" என்று பொய் சொன்னேன். அந்த மாதங்களிலும் பெரம்பூரில் எங்கள் வீட்டில் இரவுக் குடும்ப ஜெபம் தவறியதில்லை. நான்தான் நடத்துவேன். "எங்கள் பாவங்களை மன்னியும் ஆண்டவரே" என்பேன். எந்தப் பாவம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஓசியா, கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தில் இருந்த தீர்க்கதரிசி. துரோகம் செய்த மனைவியை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டு வந்தவர். கையிலிருந்த வெள்ளி போதாமல்தான் தானியத்தையும் அளந்து போட்டாரோ என்று எனக்குத் தோன்றும்.

அவர் ஜனங்களிடம் பலியிட ஆடு மாடு கொண்டுவரச் சொல்லவில்லை. "வார்த்தைகளைக்கொண்டு கர்த்தரிடத்தில் திரும்புங்கள்" என்கிறார். என்ன வார்த்தைகள் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார்: "அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை." இஸ்ரவேலை ஆண்ட மெனாகேம் ராஜா ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்து ஆதரவு தேடியது, அன்றைய வல்லரசான அந்த அசீரியாவிடம்தான். கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைப் பிடித்ததும் அதே அசீரியாதான். தேவனை விட்டுவிட்டு எதை நம்பிப் போனோமோ, அதன் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பணமுடை வந்தபோது நான் ஜெபிக்கவில்லை, மனைவியிடமும் பேசவில்லை. நேரே அடகுக் கடைக்குப் போனேன். என் அசீரியா அது. உங்களுடையதற்கு வேறு பேர் இருக்கும்.

ஒரு நாள் காலை, பெரம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, "ஆண்டவரே, இரண்டு வளையல். ஐந்து மாதமாகப் பொய்" என்று மெல்லச் சொன்னேன். என் ரயில் வந்து போயிற்று. எழுந்திருக்கத் தோன்றவில்லை. 'தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்' என்று யாக்கோபு எழுதியது அந்த பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இன்றைக்கு நான் ஜெபம் பண்ணுகிறேன்" என்றாள். மாவு காய்ந்த கையோடுதான் என் பக்கத்தில் முழங்கால் படியிட்டாள்.