ஆற்றுத் தண்ணீரும் நம் இரத்தமும்

(வேலூரில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாகிய லெந்து காலக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஆயர் ஐயா அவர்களே, ஆயரம்மா அவர்களே, பாஸ்டரேட் கமிட்டி செயலர், பொருளாளர் அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கிற மாநகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். பாடகர் குழுவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த வேலூர் வெக்கையில், மின்விசிறி நின்றுபோன பிறகும் ஒரு சரணத்தைக்கூட விடாமல் பாடினார்கள். காட்பாடியிலிருந்தும் சத்துவாச்சாரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பலியும் விடுதலையும்'. மூன்று காரியங்கள் பேசலாம் என்று வந்தேன். கர்த்தர் கேட்கிற பலி எது, அவர் கொடுக்கிற விடுதலை எது, இரண்டும் நம் குடும்பத்துக்குள் எப்படி வரும்.

முதலில் பலி. "ஆற்றில் போகிற தண்ணீரை அய்யா குடி, அம்மா குடி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தனக்கு ஒரு செலவும் இல்லாததைத் தாராளமாக நீட்டுகிற குணம் அது. தாவீது ராஜாவுக்கு அந்தக் குணம் இல்லை. பலிபீடம் கட்ட அவர் இடம் கேட்டபோது, அர்வனா என்பவன் தன் போரடிக்கிற களத்தையும் மாடுகளையும் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னான். ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, அப்புறம்தான் பலியிட்டார். இரண்டாம் சாமுவேல் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது, வீட்டுக்குப் போய் வாசியுங்கள். லெந்து முழுக்க நாம் கறி மீன் விடுகிறோம். நல்லது, நானும் விடுகிறேன். நாம் விட்டது யாருடைய இலைக்காவது போய்ச் சேர்ந்ததா என்பதே என் கேள்வி.

இரண்டாவது, விடுதலை. கிறிஸ்து ஒரேதரம் தம்மையே பலியாகக் கொடுத்துவிட்டார் என்கிறது எபிரெயர் நிருபம். கடன் தீர்ந்துபோயிற்று. நாம் கொடுப்பதால் மீட்பு வருவதில்லை. மீட்கப்பட்டதால் கை தானாகத் திறக்கிறது. பவுலும் கலாத்தியருக்கு அதைத்தான் எழுதினார்: சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யுங்கள் என்று. டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். 1954-இல் கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தன. அதற்குப் பிறகு நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவரைக் கட்டுண்டவர் என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காந்தி ரோடு பக்கம் ஒரு டீக்கடை. சித்திரை மாதம், பதினொரு மணி வெயில். கையில் ஒரு தாளோடு கடை கடையாக ஏறி இறங்கி வருகிறார் ஒரு வங்காளத்துக்காரர். லாட்ஜ் பையன் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறான்: "மகனுக்கு ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும்." கூட வந்தது மனைவி மட்டும், அந்த அம்மா பிள்ளை பக்கத்தில். இந்த ஊரில் அவருக்கு வேறு யாரைத் தெரியும்? செருப்புக்கடையில் பாவம் என்றார்கள். மருந்துக்கடையில் தண்ணீர் கொடுத்தார்கள். டீக்கடை வாசலில் ஒருவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அவர் வாங்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுத் தன் கையில் இருந்த எழுத்துத் தாளையே திரும்பத் திரும்பக் காட்டினார். உள்ளே டீ மாஸ்டர், குடியாத்தம் பக்கத்துக்காரர், எட்டிப் படித்தார். பால் பொங்கி வருகிறது, எங்கள் ஆறு பேருக்கும் டீ சொல்லியாகிவிட்டது. அடுப்பை அணைத்தார். முதலாளி, "டேய், எங்கேடா?" என்று கத்துகிறார். "எனக்கு அந்த குரூப்தான் அண்ணே. டீயை அப்புறம் போடலாம், பையன் காத்திருக்கான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மாஸ்டருக்கு வங்காள மொழி தெரியாது, வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ரோட்டைக் கடக்கும்போது அந்தத் தகப்பன் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். முதலாளியும் பிற்பாடு ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அந்த மாஸ்டர் சபைக்கு வருகிறவர் இல்லை. ஆனால் ஆற்றில் போகிற தண்ணீரை அவர் கொடுக்கவில்லை, ஐயா. தன் உடம்பிலிருந்து கொடுத்தார்.

1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையார், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் சாவதைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனவர். அவர் தொடங்கிய சி.எம்.சி. ஊழியத்தால்தான் இன்று பல மாநிலத்து நோயாளிகள் நம் ஊர் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு இங்கே அண்ணன் தம்பி கிடையாது. இரத்தத்தை விலைக்கு வாங்குவதும் 1998 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் தடை. சேமித்தாலும் சிவப்பணு ஆறு வாரம், தட்டணு ஐந்து நாள், அவ்வளவுதான் தாங்கும். யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். திருவிருந்துப் பாத்திரத்தைக் கையில் வாங்கி, "எனக்காகச் சிந்தப்பட்ட இரத்தம்" என்று நம்புகிற நாம் முதல் வரிசையில் நிற்க வேண்டாமா?

செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, மூன்றாவது காரியத்தை ஆயர் ஐயா ஞாயிறு பிரசங்கத்தில் எடுத்துக்கொள்ளட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை சபை மண்டபத்தில் இரத்ததான முகாம். பதினெட்டு வயது முதல் அறுபத்தைந்து வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருந்தால் கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லிதான், எடை கூடுதலாக இருந்தால் 450. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை தரலாம். உபவாசம் இருக்கிறவர்கள் அன்று மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றில் எடுக்க மாட்டார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் வர வேண்டாம். உங்கள் வீட்டு ஆண்களை அனுப்புங்கள். பதிவு நோட்டு வாசலில் வாலிபர் சங்கத் தம்பிகளிடம் இருக்கிறது.