டாட் ஆர்க்கையே விலை பேசினாங்க! உங்க டொமைன் பேருக்கு உண்மையில யாரு காவல்?

[திரையில்: கறுப்புப் பின்னணி, நடுவுல ஒரு புள்ளி, பக்கத்துல மூணு எழுத்து]

வணக்கம் நண்பர்களே. 2019 நவம்பர்ல ஒரு விற்பனை அறிவிப்பு வந்துச்சு. வித்தது நிலம் இல்ல, தொழிற்சாலை இல்ல. ஒரு புள்ளியும் மூணு எழுத்தும்தான். வெப்சைட் முகவரியோட கடைசியில வருமே, அந்த டாட் ஆர்க் (.org). விலை 113 கோடியே 50 லட்சம் டாலர்! அன்னைக்கு இருந்த மதிப்புல எட்டாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல. விக்கிப்பீடியா, செஞ்சிலுவைச் சங்கம், எல்லைகளற்ற மருத்துவர்கள்னு ஒரு கோடிக்கும் மேல முகவரிகள் அந்த மூணு எழுத்துக்குக் கீழதான் குடியிருக்கு. அந்தக் குடியிருப்பை மொத்தமா ஒரு முதலீட்டுக் கம்பெனி கையில கொடுக்கப் பார்த்தாங்க.

இது எனக்கு வெறும் செய்தி இல்ல. எங்க ஊர்ல மாமா ஒருத்தர் ஒரு சின்னப் படிப்பகம் நடத்துறார். அதுக்கும் ஒரு டாட் ஆர்க் முகவரி இருந்துச்சு. ரசீது புத்தகத்துல, ரப்பர் ஸ்டாம்புல, வாசல் பலகையில எல்லாம் அதைத்தான் போட்டிருந்தோம். ஒரு நாள் காலையில மாமா போன் பண்ணார். "தம்பி, நம்ம பக்கத்தைத் தொறந்தா ரம்மி விளம்பரம் வருதுடா, என்னன்னு பாரு"ன்னார். வெப்சைட் செஞ்சு கொடுத்தவர் டொமைனை, அதாவது அந்த முகவரிப் பேரை, தன் பேர்லயே பதிவு பண்ணி வச்சிருக்கார். அவர் நம்பரும் மாறிப்போச்சு. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எதுவும் எங்களுக்கு வரல. கெடு தாண்டிடுச்சு, பேரை வேற யாரோ எடுத்துட்டாங்க. பெட்டி நிறைய ரசீது புத்தகம் வீணாப்போச்சு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது: டொமைனை நாம வாங்குறது இல்ல, வாடகைக்குத்தான் எடுக்குறோம். அப்போ வீட்டுக்காரர் யாரு?

பழைய கதையை வேகமா சொல்லிடுறேன். இன்டர்நெட்டோட ஆரம்ப காலத்துல பேர், எண் பட்டியலைப் பார்த்துக்கிட்டவர் ஜான் போஸ்டல், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல இருந்தவர். 1998 ஜனவரி 28 அன்னைக்கு அவர் ஒரே ஒரு மெயில் அனுப்பினார். ரூட் சர்வர்னா, எந்த முகவரியைத் தேடினாலும் முதல்ல வழி காட்டுற மூலக் கம்ப்யூட்டர். உலகத்து ரூட் சர்வர்களை நடத்துற பன்னிரண்டு பேர்ல எட்டுப் பேர், முகவரிப் பட்டியலை அமெரிக்க அரசோட ஒப்பந்தக் கம்பெனிகிட்ட வாங்குறதை விட்டுட்டு அவர் பக்கம் திரும்பிட்டாங்க. அரசு தரப்புல கோபப்பட்டதும் "சோதனைதான் பண்ணேன்"னு பழையபடி மாத்திக் கொடுத்துட்டார். அந்த வருஷம் செப்டம்பர்ல ஐகேன் பிறந்துச்சு. இன்டர்நெட்டோட பேர், எண் பட்டியலை இப்போ பார்த்துக்கிறது அதுதான். கலிபோர்னியாவுல பதிவான, லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு. அடுத்த மாசமே போஸ்டல் காலமானார். 2016 அக்டோபர் 1-ல அமெரிக்க அரசு தன்னோட மேற்பார்வை ஒப்பந்தத்தையும் விட்டுக்கொடுத்துடுச்சு. கதை அவ்வளவுதான்.

இதே போஸ்டல் 1994-ல ஒரு விதிக்குறிப்பு எழுதினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுல இருக்கு. ஒரு டொமைனை நிர்வகிக்கிறவர் அதுக்கு உரிமையாளர் இல்ல, அறங்காவலர். உரிமை, சொந்தம்னு பேசுறது பொருந்தாது, பொறுப்பு, சேவைன்னு பேசுறதுதான் பொருத்தம்னு எழுதியிருக்கார்.

அறங்காவலர்! இந்த வார்த்தைக்கு நமக்கு விளக்கமே தேவையில்ல. கோயில் தர்மகர்த்தாவை நமக்குத் தெரியும். சாவிக்கொத்து அவர் இடுப்புலதான் இருக்கும். விளைச்சல் கணக்கை அவர்தான் எழுதுவார். திருவிழாவுல முதல் மரியாதையும் அவருக்குத்தான். ஆனா கோயில் நிலத்துல ஒரு குழியைக்கூடத் தன் இஷ்டத்துக்கு அவர் விக்க முடியாது. சட்டம் அதை இன்னைக்குச் சொல்லுது. "சிவன் சொத்து குல நாசம்"னு ஊர் என்னைக்கோ சொல்லிடுச்சு. போஸ்டல் எழுதினது இதையேதான். எங்கயோ கலிபோர்னியாவுல உட்கார்ந்து எழுதின மனுஷன் நம்ம ஊர்க் கோயில் திண்ணையில உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு!

இப்போ டாட் ஆர்க்குக்கு வாங்க. 2003-லிருந்து அதுக்குத் தர்மகர்த்தா பப்ளிக் இன்ட்ரெஸ்ட் ரெஜிஸ்ட்ரி. இன்டர்நெட் சொசைட்டிங்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு உருவாக்கினது, இதுவும் லாப நோக்கமில்லாததுதான். வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல விலை ஏத்தக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரம்பு இருந்துச்சு. 2019 ஜூன்ல ஐகேன் அந்த வரம்பை எடுத்துட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சது. முன்னாடியே மக்கள்கிட்ட கருத்துக் கேட்டாங்க. மூவாயிரத்துக்கும் மேல வந்துச்சு, பெரும்பாலும் "எடுக்காதீங்க"ன்னுதான். அப்படியும் எடுத்துட்டாங்க.

அஞ்சே மாசத்துல, அந்த ரெஜிஸ்ட்ரியையே இன்டர்நெட் சொசைட்டி விக்கப் போறதா அறிவிப்பு. வாங்க வந்தது ஈத்தோஸ் கேப்பிட்டல்னு ஒரு புதுக் கம்பெனி. அதுக்கு ஆலோசகரா இருந்தவர் ஐகேனோட முன்னாள் தலைமை நிர்வாகி. முதல்ல விலையைக்கூடச் சொல்லல, அப்புறம்தான் தெரிஞ்சது. இன்னொண்ணும் தெரிஞ்சது, என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். இந்த வியாபாரத்துல 36 கோடி டாலர் கடன் இருந்துச்சு. அந்தக் கடன் டாட் ஆர்க் தலையிலதான் விழும். யோசிச்சுப் பாருங்க, கோயிலை வாங்குறதுக்கு வாங்கின கடனை அந்த உண்டியல் காசுலயே அடைக்கிற மாதிரி. அந்த உண்டியல்ல காசு போடுறது யாரு? எங்க மாமா படிப்பகம் மாதிரி இடங்கள்தான்.

2020 ஜனவரி 24 அன்னைக்கு லாஸ் ஏஞ்சலிஸ்ல ஐகேன் ஆபீஸ் வாசல்ல தொண்டு நிறுவனக்காரங்க பதாகை பிடிச்சு நின்னாங்க. ஏப்ரல் 15-ல கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் சேவியர் பெசேரா, இதுக்கு ஒப்புதல் தராதீங்கன்னு ஐகேனுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30-ல ஐகேன் "முடியாது"ன்னு சொல்லிடுச்சு. விற்பனை நின்னுது!

சந்தோஷம்தான். ஆனா என் மனசுல ஒரு முள் இன்னும் இருக்கு. உலகம் பூரா இருக்குற ஒரு கோடி முகவரியோட தலைவிதியில, கடைசி நேரத்துல கனமா விழுந்தது அமெரிக்காவுல ஒரே ஒரு மாநிலத்து சட்ட அதிகாரியோட கடிதம். அவர் நல்லதைத்தான் செஞ்சார். ஆனா அவரை நாம யாரும் தேர்ந்தெடுக்கல. அடுத்த தடவை அந்த நாற்காலியில யாரு இருப்பாங்க?

"அப்போ அரசாங்கங்கள் கையில கொடுத்துடலாமே"ன்னு கமெண்ட்ல கேப்பீங்க. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். 2022 பிப்ரவரி கடைசியில ரஷ்யா படையெடுத்தப்போ, ரஷ்யாவோட முகவரியான டாட் ஆர்யூவையே ரத்து பண்ணுங்கன்னு உக்ரைன் ஐகேனைக் கேட்டுச்சு. குண்டு விழுற ஊர்லிருந்து வந்த கோரிக்கை, என் மனசு அவங்க பக்கம்தான். ஐகேன் மறுத்துடுச்சு, அது சரின்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். போர் வேண்டாம்னு நினைக்கிற ரஷ்யக்காரருக்கும் அந்த வழியாத்தான் சேதி போகணும். நம்ம நாட்டுலயே கலவரம்னா முதல்ல நெட்டைத்தானே நிறுத்துறாங்க? முகவரிப் பட்டியலும் அதே கைக்குப் போகணுமா?

நான் கேக்குறது தர்மகர்த்தா முறையை அப்படியே எழுத்துல கொண்டு வாங்கன்னுதான். விக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே ஒரு வரி வேணும். விலை வரம்பு திரும்ப வரணும். கருத்துக் கேட்டா, ஏன் ஏத்துக்கலன்னு காரணத்தையும் சொல்லணும்.

இதுல தமிழுக்கு என்ன வேலைன்னு கேட்டா, நிறைய இருக்கு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர்னு மூணு நாட்டு முகவரி தமிழ் எழுத்துலயே இருக்கு. இப்போ ஔவைன்னு ஒரு பேர் பதிவு பண்றீங்கன்னு வைங்க.

[திரையில்: ஔவை, ஒளவை, அடுத்தடுத்து]

ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணுதா? முதல்ல இருக்குற ஔ ஒரே எழுத்து. ரெண்டாவது, ஒ போட்டு பக்கத்துல ள போட்டது. கம்ப்யூட்டருக்கு இது ரெண்டும் வேற வேற பேர். ஒண்ணை நீங்க வச்சிருக்கும்போதே இன்னொண்ணை ஒரு மோசடிக்காரன் எடுத்துக்கிட்டா, உங்க பாட்டிக்கு வித்தியாசம் தெரியுமா? எனக்கே தெரியாது! இந்த மாதிரி ஜோடிகளை எப்படிக் கையாளணும்னு முடிவு பண்ண, ஐகேன்ல தமிழ் எழுத்துக்கும் சேர்த்து ஒரு குழு வேலை பார்த்துச்சு. தன்னார்வலர்கள் எழுத்து எழுத்தா உட்கார்ந்து பேசி, வரைவைப் பொதுக் கருத்துக்கும் வச்சாங்க. ஔகாரத்துக்காக உலக அமைப்பு ஒண்ணுல வாதாடினாங்கன்னு நினைக்கும்போதே சிலிர்க்குது.

ஐகேனோட பொதுக் கருத்துப் பக்கம் எல்லாருக்கும் திறந்ததுதான். நீங்களும் எழுதலாம், காசு கிடையாது.

இன்னொரு வேலை, இன்னைக்கே பண்ணுங்க. உங்க சங்கம், பள்ளி, கடை, கோயில் எதுக்காவது டொமைன் இருந்தா, அது யார் பேர்ல, எந்த மெயில்ல பதிவாகியிருக்கு, எந்தத் தேதியில முடியுதுன்னு செஞ்சு கொடுத்தவர்கிட்டயே கேளுங்க. வேற பேர்ல இருந்தா கீழ எழுதுங்க, மாத்துறது எப்படின்னு அடுத்த வீடியோவுல சொல்றேன். படிப்பகத்துக்கு இப்போ புது முகவரி வாங்கியாச்சு. முடியுற தேதியை மாமா சுவர்க் காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்கார்.