கிராபிக்ஸ் திறனில் விஞ்சி நிற்பது கேம் கன்சோலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கிராபிக்ஸ் திறனில் விஞ்சி நிற்பது கேம் கன்சோலா, கேமிங் லேப்டாப்பா?" என்பது தலைப்பு. கன்சோல் அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். லேப்டாப் சிப்பின் டெராஃப்ளாப் எண், அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற எண், பெரியது என்றார். சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே டிரேசிங் இரண்டிலும் லேப்டாப் சிப்பைத் தரும் என்விடியாதான் முன்னே நிற்கிறது என்றார். செட்டிங்கை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றார். முதல் வாதத்தில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. அதனால் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறேன்.

அவர் காட்டிய எண்ணையே பிரித்துப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5-இல் 36 கம்ப்யூட் யூனிட்டுகள். ஒவ்வொன்றிலும் 64 கணக்கிடும் அலகுகள், ஆக மொத்தம் 2304. ஒரு சுழற்சிக்கு இரண்டு கணக்கு, உச்ச வேகம் 2.23 கிகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 10.28 டெராஃப்ளாப். இப்போது நண்பர் எடுத்துக்காட்டிய ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு வருவோம். அதில் 3072 கோர்கள். சரி, வேகம் எவ்வளவு? இங்கேதான் நண்பர் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டார். என்விடியா தரும் பூஸ்ட் வேகம் ஒற்றை எண்ணாக இல்லை. 1470 முதல் 2370 மெகாஹெர்ட்ஸ் வரை. மின்சாரமும் அப்படித்தான், 35 வாட் முதல் 115 வாட் வரை. அதே பெருக்கலைப் போட்டால் ஒரு முனையில் 9 டெராஃப்ளாப், மறுமுனையில் 14.5. இரண்டு லேப்டாப்பிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். நண்பர் 14.5-ஐ மட்டும் படித்துக் காட்டினார். கடையில் கைக்கு வருவது 9 ஆகவும் இருக்கலாம் நடுவர் அவர்களே!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்த 14.5-ஐக்கூட, பிளேஸ்டேஷன் 5-க்குச் சிப் தரும் ஏஎம்டியின் 10.28-க்குப் பக்கத்தில் வைத்து எடை போட முடியாது. 2020-இல் வந்த ஆம்பியர் தலைமுறையிலிருந்து என்விடியா கோர்களின் அமைப்பு மாறிவிட்டது. தசமக் கணக்குப் போடும் அலகுகளில் பாதி, முழு எண் கணக்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. விளையாட்டு ஓடும்போது முழு எண் வேலை வந்துகொண்டே இருக்கும். அது வரும்போதெல்லாம் அந்தப் பாதியில் ஒரு பகுதி அதற்குப் போய்விடும். தாளில் தெரியும் இடைவெளி திரையில் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பெயர் விஷயத்தை முடித்துவிட்டுப் போகிறேன். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 கோர், 24 ஜிபி நினைவகம், 450 வாட். லேப்டாப்பில் அதே பெயரில் வருவது 9,728 கோர், 16 ஜிபி, அதிகபட்சம் 175 வாட். அது வேறு சிப்; மேசைக் கணினியின் 4080-இல் இருப்பதன் உடன்பிறப்பு. கன்சோலில் இந்தக் குழப்பமே கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்றால் 52 கம்ப்யூட் யூனிட், 1.825 கிகாஹெர்ட்ஸ், 12.15 டெராஃப்ளாப். உலகில் எந்த வீட்டில் இருந்தாலும் அதுதான்.

அடுத்து வெப்பத்துக்கு வருகிறேன். கிராபிக்ஸ் திறன் என்பதே கடைசியில் எவ்வளவு வெப்பத்தை எவ்வளவு நேரம் வெளியே தள்ள முடியும் என்ற கேள்விதான். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-ஐப் பிரித்தால் 120 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரே ஃபேன், பெட்டியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சும் உலோக ஹீட்சிங்க், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம், உள்ளேயே 350 வாட் பவர் சப்ளை. கேமிங் லேப்டாப்பின் மொத்த உடலே பெரும்பாலும் 20 முதல் 25 மில்லிமீட்டர்தான். அந்தக் கன்சோலின் ஃபேன் மட்டும் இரண்டு லேப்டாப்பை அடுக்கிய உயரம்!

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. லேப்டாப்பில் வெப்பத்தைக் கடத்தும் ஹீட்பைப் மத்தளம் போன்றது. பல மாடல்களில் ஒரே செப்புக் குழாய்தான் மையச் செயலியான சிபியு, கிராபிக்ஸ் சிப்பான ஜிபியு இரண்டின் மேலும் படுத்திருக்கும். ஒன்று சூடானால் மற்றதும் தவிக்கும். மின்சாரத்திலும் அதே பங்காளிச் சண்டை உண்டு. 4060 லேப்டாப்பை "140 வாட்" என்று விற்பார்கள். அதில் 115 வாட்தான் ஜிபியுவின் சொந்தப் பங்கு. மீதி 25 வாட், சிபியு சும்மா இருக்கும் நேரத்தில் டைனமிக் பூஸ்ட் என்ற ஏற்பாட்டின் வழியாகக் கடன் வாங்குவது. கூட்டம் நிறைந்த ஒரு நகரக் காட்சிக்குள் பாத்திரம் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆளையும் நடக்கவைக்க சிபியு உழைக்கத் தொடங்கும், கடனைத் திருப்பிக் கேட்கும். அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் வாட் குறைகிறது. பிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, விழுவதற்கு விளையாட்டைத் திட்டுகிறோம். குறை மின்சாரப் பங்கீட்டில் இருக்கிறது.

கன்சோலில் இதை எப்படிக் கையாண்டார்கள்? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிளேஸ்டேஷன் 5-இன் வேகமும் மாறக்கூடியதுதான், மறைக்கவில்லை. ஆனால் எதை வைத்து மாறுகிறது? அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் விளக்கினார். சிப்பின் வெப்பநிலையைப் பார்த்து வேகம் மாறாது. அது என்ன வேலை செய்கிறது என்பதைக் கணக்கிட்டு மாறும். ஆகவே கொதிக்கும் அறையிலும் குளிர்ந்த அறையிலும், நல்ல வார்ப்பாக அமைந்த சிப்பிலும் சுமாரான சிப்பிலும், ஒரே காட்சிக்கு ஒரே வேகம். விளையாட்டை உருவாக்குபவர் தன் மேசையில் பார்த்த பிரேம்தான் வாங்கியவர் திரையிலும் வரும். இந்த உறுதியை எந்த லேப்டாப்பால் தர முடியும்?

இன்னொன்று. மேசைக் கணினியைப் போலில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எதிரணி அடுத்துச் சொல்லும். தூக்கிக்கொண்டு போகலாம், உண்மை. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கிராபிக்ஸ் திறனைக் காட்டச் சொல்லுங்கள். விமானப் பயண விதிக்காக லேப்டாப் பேட்டரிகள் 100 வாட்-மணிக்குள் நிற்கின்றன. 200 வாட் இழுத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் பேட்டரிக்கு மாறியதும் ஜிபியுவின் வாட் சரிகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பேட்டரி பூஸ்ட் வசதி இயங்கினால் பிரேமை 30-இல் கட்டிப்போடவும் செய்யும்.

இனி நினைவகம். 4060 லேப்டாப்பில் 8 ஜிபி, நொடிக்கு 256 ஜிபி வேகம். பிளேஸ்டேஷன் 5-இல் சிபியு, ஜிபியு இரண்டுக்கும் பொதுவாக 16 ஜிபி, நொடிக்கு 448 ஜிபி. சீரிஸ் எக்ஸில் இயங்குதளத்துக்கு ஒதுக்கியது போக விளையாட்டுக்கு 13.5 ஜிபி கிடைக்கிறது. அதில் 10 ஜிபி நொடிக்கு 560 ஜிபி வேகத்தில் ஓடும். பொது நினைவகம் என்பதால் விளையாட்டின் பிற தரவுக்கும் சில ஜிபி போகும், ஒப்புக்கொள்கிறேன். 4060-இன் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான 32 எம்பி எல்2 கேஷ் வேகக் குறையை ஓரளவு ஈடுகட்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொள்ளளவுக் குறையை எந்தக் கேஷும் ஈடுகட்டாது. 8 ஜிபி நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சர்கள், அதாவது பரப்புகளின் மேல் போர்த்தும் படங்கள், கணினியின் ராமுக்குத் தள்ளப்படும். அங்கிருந்து அவை திரும்பி வரும் வழி, ஜிபியுவைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ 4.0-இன் எட்டு லேன், நொடிக்கு சுமார் 16 ஜிபி. 256 எங்கே, 16 எங்கே! சராசரி பிரேம் எண் நன்றாகத்தான் இருக்கும். திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கும், சுவர் மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளியும்.

2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தபோது இது எல்லோர் கண்முன்னும் நடந்தது. 8 ஜிபி கார்டுகள் உயர் டெக்ஸ்சரில் திணறின. ஒரு படி இறக்கினால் பரப்புகள் களிமண் போல் ஆயின. பின்னால் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கின என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே விளையாட்டில் இன்னொரு வேதனை, ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களான ஷேடர்களின் தயாரிப்பு. கணினி உலகில் நூற்றுக்கணக்கான ஜிபியு, டிரைவர் சேர்க்கைகள் உண்டு. அதனால் ஷேடர் நிரல்களை வாங்கியவரின் கணினியிலேயே அந்தந்தச் சிப்புக்கு ஏற்ப மொழிபெயர்த்தாக வேண்டும். முதலிலேயே செய்தால் காத்திருப்பு. ஆடும்போது செய்தால் திக்கல். டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து. கன்சோலில் சிப் ஒன்றுதான் என்பதால் மொழிபெயர்த்து முடித்த ஷேடர்களே வட்டிலும் பதிவிறக்கத்திலும் வருகின்றன.

இரண்டாவது வாதத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ரே டிரேசிங்கில் என்விடியாவின் தனி வன்பொருள், 2020 கன்சோல்களில் உள்ள ஏஎம்டி வடிவமைப்பான ஆர்டிஎன்ஏ 2-ஐ விட வலியது. டிஎல்எஸ்எஸ் தரும் படம் அந்தக் கன்சோல்களில் அதே வேலைக்கு வரும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2-ஐ விடத் தெளிவானது, குறிப்பாக முடி, இலை, கம்பி வேலி போன்ற மெல்லிய வடிவங்களில். 175 வாட்டில் ஓடும் உச்ச ரக லேப்டாப் சாதாரண பிளேஸ்டேஷன் 5-ஐ முந்தும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. எங்கள் பக்கத்து எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 4 டெராஃப்ளாப், 10 ஜிபி நினைவகத்தோடு பல விளையாட்டுகளில் திணறுவதும் உண்மை.

ஆனால் இடைவெளி அங்கேயே நிற்கவில்லை. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ 60 கம்ப்யூட் யூனிட், நொடிக்கு 576 ஜிபி நினைவக வேகம், டிஎல்எஸ்எஸ் போல இயந்திரக் கற்றலால் இயங்கும் பிஎஸ்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் ஆகியவற்றோடு வந்தது. டிஎல்எஸ்எஸோடு வரும் பிரேம் ஜெனரேஷனைப் பற்றியும் நண்பர் பெருமையாகச் சொன்னார். அது இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு நடுவே கற்பனைப் பிரேமைச் செருகுகிறது. அடிப்படையில் 60-ஐ ஒட்டி இல்லாவிட்டால் படம் வழுக்கும், கை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதம் அப்படியே இருக்கும், சற்றுக் கூடவும் செய்யும். ஏற்கெனவே தட்டுப்பாடான 8 ஜிபியிலிருந்து தனக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, செட்டிங் சுதந்திரம். இந்தச் சுதந்திரத்தோடு வரும் வேலைப் பட்டியலையும் நண்பர் சொல்லியிருக்க வேண்டும். ஜிபியுவை நேராகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் இல்லாத லேப்டாப்பில் ஜிபியு வரைந்த ஒவ்வொரு பிரேமும் சிபியுவோடு ஒட்டிய கிராபிக்ஸ் வழியாக நகலெடுக்கப்பட்டே திரைக்குப் போகும். பிரேம் எண்ணிக்கை கூடக் கூட இழப்பும் கூடும். சுவிட்ச் இருந்தாலும் பல மாடல்களில் அது அணைந்தே வரும். தயாரிப்பாளரின் செயலியில் தனி ஜிபியு முறைக்கு மாற்றி மறுபடி துவக்க வேண்டும். ராம் ஒற்றைக் குச்சியாக வந்தால் சிபியு பசியோடு இருக்கும், இரண்டாவது குச்சி போட வேண்டும். அடியில் காற்று புகும் துளை மெத்தையில் அடைபடக் கூடாது. ஓரிரு ஆண்டில் தெர்மல் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டால் திறந்து புதிதாகப் பூச வேண்டும். இத்தனையும் செய்தவருக்குத்தான் பெட்டியில் எழுதிய திறன்.

கன்சோலில் செய்ய வேண்டியவை சில நிமிட வேலை. பெட்டியில் வரும் அல்ட்ரா ஹைஸ்பீட் எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள். டிவியில் கேம் மோடு, கன்சோலில் 120 ஹெர்ட்ஸும், பிரேம் வரும் வேகத்துக்குத் திரையை ஒத்துப்போகவைக்கும் விஆர்ஆரும் இயக்கத்தில் இருக்கட்டும். பிளேஸ்டேஷன் 5-இன் பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும். அவ்வப்போது வாக்குவம் வைத்து உறிஞ்சினால் போதும். 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால், சில விளையாட்டுகள் தரும் 40 பிரேம் முறையைத் தவறவிடாதீர்கள். 30 பிரேமில் ஒரு படம் 33.3 மில்லிவினாடி நிற்கும், 60-இல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25. அதுதான் 40 பிரேம். 30 பிரேமில் ஓடும் தர முறையின் படத்தை ஏறக்குறைய வைத்துக்கொண்டே அசைவில் பாதி வழி ஏறிவிடலாம்.

நடுவர் அவர்களே, என் அணியின் வாதத்தை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டிலும் வரும் ஒரே விளையாட்டை, 4060 லேப்டாப்பிலும் பிளேஸ்டேஷன் 5-இலும் 60 பிரேம் இலக்கில் ஓட்டுங்கள். லேப்டாப்பில் ரெசல்யூஷனையும் டெக்ஸ்சரையும் கன்சோலில் தெரியும் தரத்துக்கு ஒத்துவரும்படி வையுங்கள், சார்ஜர் இணைந்திருக்கட்டும். கூட்டமான ஒரு பகுதியை அரை மணி நேரம் இடைவிடாமல் சுற்றுங்கள். லேப்டாப்பில் பிரசென்ட்மான் என்ற மென்பொருள் பிரேம் நேரத்தைப் பதியட்டும், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் ஜிபியு வாட்டைப் பதியட்டும்; கன்சோலின் படத்தைக் கேப்சர் கார்டில் எடுத்து எண்ணுங்கள். முதல் ஐந்து நிமிடத்தைத் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் அந்த நேரத்து எண்கள் உலோகம் சூடாகும் முன் வருபவை. 20-ஆவது நிமிடத்திலிருந்து 30-ஆவது நிமிடம் வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, சராசரியை விட்டுவிட்டு, மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் பிரேம்களை அருகருகே வையுங்கள். அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.